சும்மா கிடக்கிற இடம்

"ஏதாச்சும் கேக்கோணும்னா இப்பவே கேளுங்க. கீழ போனா எல்லாரும் இருப்பாங்க."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. தப்பா நெனைக்கக் கூடாது."

"நெனைக்கமாட்டேன், சொல்லுங்க."

"கல்யாணத்துக்கு அப்பறம், களத்து ஊட்டுல வந்து இருன்னு மட்டும் என்னைய எப்பவும் கூப்புடக் கூடாதுங்க."

"சரிங்க. கூப்புடமாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. பல்லடத்துக்குப் பக்கத்தில், சண்முகப்பிரியாவின் அப்பா வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பேசியது. பெண் பார்க்க வந்திருந்த கிருபாசங்கரின் கையில் காப்பி டம்ளர் இருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நழுவவும் இல்லை. டம்ளருக்குள் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு சரிங்க என்றான். படியிறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள், இவர்தான் என்று.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் அவளிடம் வந்து போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கிளியின் சிறகுக்குச் சரியான பச்சையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வரும். துணி காயப்போடும்போது வரும். வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பாள். ஒரு தடவை, அவன் 'ஏனுங்க அப்படிச் சொல்றீங்க' என்று கேட்பதுபோல. இன்னொரு தடவை, அவளே 'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனுங்க' என்று சிரித்துவிடுவதுபோல. தொட்டி நிழலை நீட்டுவாள், சுருக்குவாள், காப்பியை மோராக்குவாள். எப்படி மாற்றினாலும் கடைசியில் அவன் அதே குரலில் அதே பதிலைத்தான் சொன்னான். நினைப்பில்கூட வாக்குத் தவறாத ஆள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கோழிப் பண்ணைக்குள்ளேயே வீடு இருந்த பெண் அவள். தீவன லாரி வந்தால் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போவார். கரண்ட் போனால் கொட்டகையில் ஃபேன் நின்றுவிடும் என்று வீடே ஓடும். அவளுடைய பிறந்த நாள் கேக்கின் மேல் மெழுகுவத்தி தானாகவே எரிந்து தீர்ந்த வருஷமும் உண்டு. மனிதர்கள் மட்டும் இருக்கிற ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவளுடைய பெரிய ஆசை. கிருபாசங்கருக்கோ வெள்ளகோவில் பக்கத்தில் கொப்பரைக் களம். தேங்காயை உடைத்து, வெயிலில் காயவைத்து, காங்கேயத்து எண்ணெய் மில்களுக்கு அனுப்புகிற தொழில். சிமென்ட் பூசிய பெரிய களம், ஓரத்தில் குடோன், குடோனை ஒட்டி வீடு. அப்பா இல்லை. அம்மா சாந்தாமணியும் அவனுமாகத்தான் அத்தனையையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீட்டின் மேல் போர்ஷனை அவன் வாடகைக்குப் பிடித்தான். ஜன்னலைத் திறந்தால் குருடி மலை தெரியும். திங்கட்கிழமை விடியலில் களத்துக்குக் கிளம்புவான், சனிக்கிழமை பொழுது சாயும்போது வருவான். அவன் சட்டையில் வரும் காய்ந்த தேங்காய் வாசனை ஞாயிறு முழுக்க வீட்டில் இருக்கும். செவ்வாய்க்கிழமை வாக்கில் கரைந்துபோகும்.

மனிதர்கள் மட்டும் இருக்க வேண்டிய அந்த வீட்டுக்குள் ஒரு தொழிலும் மெல்ல வந்து சேர்ந்தது, அதுவும் அவளாலேயே. திருப்பூர் கம்பெனிகளுக்குக் குழந்தைகள் துணியில் அச்சடிக்கிற டிசைன் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். தொப்பி போட்ட யானை, குடை பிடித்த முயல், அரைத்தூக்க நிலா. உள்ளறையில் ஒரு மேசை, மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். துணியில் அச்சாகும் படமென்றால் ஒவ்வொரு ஃபைலும் யானை கனம் கனக்கும். சாப்பிட உட்கார்ந்தவள் மெயில் வந்த சத்தம் கேட்டு எழுந்து போவதைக் கவனித்த கிருபாசங்கர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சொல்லியிருந்த பண்ணைக் கதையை நினைவில் வைத்து, "தீவன லாரி வந்துடுச்சாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னான். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு.

மனசு எப்போது மாறியது என்று கேட்டால் அவளால் நாள் குறித்துச் சொல்ல முடியும். இந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவான நோம்பிக்குக் களத்து வீட்டில் போய்த் தங்கினாள் அல்லவா, அப்போது. ஒரு மத்தியானம் மாமியாரோடு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். களம் முழுக்கக் கவிழ்த்தும் மல்லாத்தியும் போட்ட தேங்காய் மூடிகள். வெளிச்சம் அத்தனையும் அந்த வெள்ளைக் கிண்ணங்களில் நிரம்பி வழிவதுபோல இருந்தது. நடுவே அவள் புருஷன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேலை செய்கிறவர்களிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். துடியலூரில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அங்கே அவன் விருந்தாளி மாதிரி, சத்தம் வராமல் சிரிப்பான். சாப்பாட்டு நேரம் வந்ததும் எல்லா வேலையும் தானாக நின்றது. ஒருவரும் பாதிச் சோற்றில் எழுந்திருக்கவில்லை.

இங்கேயே இருந்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குச் சாயங்காலமே அவன் அவளுடைய பையை எடுத்துக் காரில் வைத்துவிட்டான். சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூட அவளை அங்கே வைத்துக்கொள்ளவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நானே வந்துவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆனால் அவள் பிறந்த பக்கத்தில் கூப்பிடாமல் யாரும் எங்கும் போவதில்லை. நேரில் வந்து, நின்று, வாயைத் திறந்து 'வந்தறோணுங்க' என்று சொன்னால்தான் அழைப்பு. தன் கூடப்பிறந்த அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனபோது, நேரில் வராமல் போனில் கூப்பிட்டார் என்பதற்காக அவள் அப்பா போகாமல் இருந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். அந்த ரத்தம்தான் அவளுக்கும். தானாகப் போய் இறங்கினால், 'பாவம், எனக்காக விட்டுக்கொடுக்கிறாள்' என்று அவன் நினைத்துக்கொள்வான். அப்புறம் அந்த வீட்டில் அவள் என்றைக்கும் விட்டுக்கொடுத்தவளாகவே இருக்க வேண்டியிருக்கும். அவன் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவனோ கூப்பிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். இப்படித்தான் அந்த விருப்பம் மாதக்கணக்காக அவள் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

நன்றாக வேலை ஓடிக்கொண்டிருக்கும். மேகங்களை வரைந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவாள். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் முகம் இல்லாத மேகம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கோ எந்த மேகத்தைப் பார்த்தாலும் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்கை அழித்துக்கொண்டிருக்கும்போதே மெமரி போதவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அடுத்த நிமிஷம் டிசைன் சாஃப்ட்வேர் மூடிக்கொள்ளும். போன மேகம் போனதுதான். இத்தனைக்கும் ஃபைல்களை வைக்கிற சி டிரைவில் இடம் தாராளமாக இருந்தது. போன மாதம் வரைக்கும் இடம் குறைவு என்று சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கோடு இப்போது நீலமாகத்தான் இருந்தது. இடம் இருக்கிறது, மெமரி இல்லை என்றால் என்ன அர்த்தம்?

கல்லூரித் தோழி லோகப்பிரியா சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். திரும்பி வந்த குரலில் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கமிட்டட் என்று இருக்கிற இடத்தில் என்ன எண் காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். இரண்டு எண்கள் இருந்தன. இதுவரை வாக்குக் கொடுத்தது ஒன்று, கொடுக்கக்கூடிய எல்லை ஒன்று. இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன. எல்லை எட்டு ஜிபிகூட இல்லை என்று சொன்னதும் லோகப்பிரியாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஏ புள்ள, அது உன் ரேம் மட்டும்தான். அதுக்கு மேல இருக்கணுமே. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் விண்டோஸ் ஒரு கனவு குடுக்கும், இந்தக் கம்ப்யூட்டரே உனக்குத்தான்னு. அதுவும் நம்பிட்டு, எடம் குடு எடம் குடுன்னு கேட்டுட்டே இருக்கும். விண்டோஸ் சரின்னு சொன்னா தந்தாகணும். ரேம் பத்தலைன்னா, இப்ப வேலையில்லாததைத் தூக்கி டிஸ்க்குல ஒரு ஓரமா வெச்சுட்டு, கேக்கறப்ப எடுத்துட்டு வரும். அந்த ஓரத்துக்குப் பேருதான் பேஜ் ஃபைல். ஓரமே இல்லைன்னா, தர முடியாததுக்கு அது வாக்குக் குடுக்காது. முடியாதுன்னு சொல்லிடும். உன்னோட சாஃப்ட்வேர் அழுதுட்டு மூடிக்கும்."

கடைசியில் ஒரு சின்னச் சிரிப்போடு, "அந்தப் பேஜ் ஃபைல் தானா அணையாது. ஊட்டுல ஆரோ கை வெச்சிருக்காங்க. உன்ற ஊட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, அதுலயும் ஒருத்தர் ஞாயித்துக்கெழமை மட்டும்" என்று முடித்திருந்தாள்.

அந்தக் குரலைச் சண்முகப்பிரியா பலமுறை கேட்டாள். விண்டோஸ், ரேம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்கிற எல்லோருக்கும் நீதான் எல்லாம் என்று ஒரு கனவைக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றுவதற்காகத் திரைக்குப் பின்னால் சாமான்களை அங்கும் இங்கும் சுமந்துகொண்டிருக்கிற ஒன்று. அதை நினைத்தால் அவளுக்கு ஏனோ துண்டு கட்டின ஒரு தலை ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை விடியலில் சத்தமில்லாமல் எழுந்து, அவள் தூக்கம் கலையாமல் கதவைச் சாத்துகிற ஆள். அவள் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. தூங்குவதுபோலப் படுத்தே கேட்டிருக்கிறாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிற காலடியை.

அந்த வாரம் புதன்கிழமை மாமியார் போன் செய்தாள். சாந்தாமணி போன் செய்தால் முதலில் மழை, அப்புறம் மகன். அன்றைக்கு மழையே ஒரு கதையாக இருந்தது. மத்தியானம் நல்ல வெயில் என்று கொப்பரையைப் பரப்பிவிட்டார்களாம். கண் மூடித் திறப்பதற்குள் இருட்டிக்கொண்டு வந்ததாம். தார்ப்பாய் போட்டு மூடியது போக மீதியை அள்ளிக் குடோனில் கொட்டினால் அங்கேயும் இடம் நிரம்பிவிட்டதாம்.

"மாடி ரூமு சும்மாதான கெடக்குது, அங்க நாலு மூட்டை வெய்யடான்னா கேக்கமாட்டீங்கறான் கண்ணு. சாவிய இடுப்புலயே சொருகிட்டு சுத்தறான். அதுக்குள்ள புதையலா இருக்குது? கொப்பரைய நனைய உட்டாலும் உடுவேன், அந்த ரூமுல வெக்கமாட்டேங்கறான். உன்ற புருசனுக்கு என்னமோ ஆயிருச்சு. சனிக்கெழம ஆனா காலைலிருந்து சட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறான், அது வேற."

எந்த மாடி ரூம் என்று சண்முகப்பிரியா கேட்டாள். நோம்பிக்குப் போனபோது மாடியில் அறையே இல்லை, வெறும் தளம்தான். நோம்பி முடிந்த கையோடு கட்டினான் என்று மாமியார் சொன்னாள். உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிறகு தான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டதுபோல அவசரமாக மழைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வரைக்கும் மூன்று நாளும் அந்த அறை சண்முகப்பிரியாவின் கூடவே இருந்தது. பார்க்காத அறையை எத்தனை விதமாக வேண்டுமானாலும் கட்டலாம். கட்டினாள். ஒரு தடவை அதில் பழைய எடைக்கல் இருந்தது. ஒரு தடவை மேகம் இருந்தது. ஒரு தடவை கதவைத் திறந்தால் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும். கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்க்கும்போது கம்ப்யூட்டரில் அந்தச் சின்னக் கட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

சனிக்கிழமை அவன் வந்தான். மழையில் பாதி நனைந்திருந்தான். பையில் தேங்காய்கள், அம்மா கொடுத்த கொள்ளு. ஞாயிறு காலையில் இருவருமாகச் சந்தகை பிழிந்தார்கள். அவள் சூடான இட்லியை அச்சில் போடுவாள், அவன் பிடியைச் சுற்றுவான், வெள்ளை நூலாகத் தட்டில் விழும். அது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. மற்ற நாட்களில் அவள் தோசைதான் சாப்பிடுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். தேங்காய்ப் பாலைத் தானே பிழிந்து ஊற்றினான். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மலையைக் காணவில்லை, மலை இருந்த இடத்தில் ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். லோகப்பிரியா சொன்ன வழியில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். சிஸ்டம், அதற்குள் அட்வான்ஸ்டு, அதற்குள் பெர்ஃபார்மன்ஸ், மறுபடியும் ஒரு அட்வான்ஸ்டு, கடைசியில் விர்ச்சுவல் மெமரி. வீட்டுக்குள் வீடு, அறைக்குள் அறை என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கதவைத் திறந்தபோது, எல்லா டிரைவுக்கும் விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்கிற டிக் எடுக்கப்பட்டிருந்தது. கீழே 'நோ பேஜிங் ஃபைல்' என்பதில் புள்ளி வைத்திருந்தது.

"ஏனுங்க, இதுல கை வெச்சீங்களா?"

"ஆமா," என்றான் அவன், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "சி டிரைவு செவப்பா நின்னுச்சு, நீ எடம் பத்தாமக் கஷ்டப்பட்டுட்டிருந்தே. ஒரு வீடியோவுல சொன்னாங்கன்னு உள்ள போயிப் பாத்தேன். ஆருக்கும் தெரியாம ஒரு ஃபைலு, இத்தாம்பெருசு, ஒளிஞ்சு உக்காந்துட்டிருக்குது. சும்மா அடைச்சுட்டுக் கெடக்குதேன்னு எடுத்துப்போட்டேன். நீலமா ஆச்சு பாத்தியா?"

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீயாப் பாத்துச் சந்தோசப்படுவீன்னு இருந்தேன்."

அவளுக்கு எத்தனை மேகம் போயிற்று என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அவனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. களத்தைச் சொன்னாள். ரேம் என்பது களம். கைக்கு எட்டுகிற இடம், வேலை எல்லாம் அங்கேதான். டிஸ்க் என்பது குடோன். களம் நிரம்பிவிட்டால், இன்றைக்குக் காய வேண்டாததை அள்ளிக் குடோனின் ஒரு மூலையில் வைத்து, வேண்டும்போது மறுபடி களத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மூலை எப்போதும் காலியாகத் தெரியலாம். ஆனால் அது காத்துக்கொண்டிருக்கிற இடம். அது இருக்கிற தைரியத்தில்தான் வருகிற சரக்கை எல்லாம் இறக்கு என்று சொல்ல முடியும். அதையும் அடைத்துவிட்டால் வந்த லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கிருபாசங்கர் நாக்கைக் கடித்துக்கொண்டான். மழைக்காலத்தில் அப்படி ஒரு மூலை விடாமல் யாராவது களம் நடத்துவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டான். அத்தனை பெரிய டிஸ்க்கைப் பார்த்ததும் தனக்குக் குடோன் ஞாபகமே வரவில்லை, நாற்காலிகளை ஒதுக்கினால் இடம் பெருகுகிற கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வந்தது என்றான். இன்னொரு பழைய டிஸ்க்காக இருக்கிற டி டிரைவில் அந்த ஃபைலைத் தள்ளிவிட்டால் சி டிரைவு சும்மா இருக்குமே என்று யோசனையும் சொன்னான். அது மெதுவான டிஸ்க், எடுத்துவர நேரமாகும் என்றாள் அவள். அதற்குப் பதிலாக, முடிந்துபோன பழைய யானைகளையும் முயல்களையும் டி டிரைவுக்கு அனுப்பினாள். சி டிரைவில் தாராளமாக இடம் விழுந்தது. பிறகு எடுத்த டிக்கைத் திரும்ப வைத்தாள். எவ்வளவு வேண்டும் என்பதை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும். ரேமையும் ஒரு நாள் கூட்டிப் போட வேண்டும், அது அப்புறம்.

ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் இது அமலுக்கு வரும் என்றது கம்ப்யூட்டர். ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரிந்தன, பக்கத்தில் பக்கத்தில். பின்னால் ஜன்னல், ஜன்னலில் மழை. நீரின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. உள்ளே எதுவோ தன்னைத் தானே மறுபடி நினைவுபடுத்திக்கொள்கிற மெல்லிய உறுமல். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அது நிஜமாகச் சொன்னதாகக் கணக்கில் வராது என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் கேட்க முடிந்தது.

"மாடி ரூமும் சும்மாதான் கெடக்குதாமா. அத்தை சொன்னாங்க."

கண்ணாடிக்குள் அவன் கை இடுப்பில் சொருகியிருந்த சாவிக்குப் போனது.

"அது சும்மா கெடக்கலீங்க," என்றான். கல்யாணத்துக்கு முன்னால் பேசியதுபோல மரியாதையாக வந்துவிட்டது.

பிறகு அவன் சொன்னதெல்லாம் கண்ணாடியைப் பார்த்தேதான் சொன்னான். வடக்குப் பார்த்து ஜன்னல் வைத்தது, வெயில் நேராக அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் அடிக்காமல் இருக்கட்டும் என்று. பிளக் பாயின்ட்டை மேசை உயரத்துக்கு வைக்கச் சொன்னதற்கு எலக்ட்ரீஷியன் கேலி செய்தது. காங்கேயத்தில் ஒரு தச்சரிடம் மேசை செய்யச் சொல்லி, துடியலூர் மேசையின் அளவைக் கையால் சாண் போட்டு எடுத்துக்கொண்டு போனது. அவளுடைய நாற்காலிக்கு எதிரே களம் தெரியாதபடிதான் முதலில் ஜன்னல் வைத்தானாம். அப்புறம், நோம்பியின்போது அவள் வாசலில் உட்கார்ந்து களத்தையே பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து, பக்கவாட்டில் இன்னொரு சின்ன ஜன்னல் வைத்தானாம். வேண்டாமென்றால் மூடிக்கொள்ளலாம். கொப்பரை மூட்டையை அங்கே வைத்தால் எண்ணெய் வாடை சுவரில் ஏறிவிடும், அப்புறம் போகவே போகாது. அதனால்தான் அம்மாவுக்குச் சாவி தரவில்லை.

"கட்டி முடிச்சு, பெயின்ட் காஞ்சதுக்கு அப்பறம்தான் நெனைச்சேன், கூப்புடமாட்டேன்னு சொன்னவன் இதைய எதுக்குக் கட்டினேன்னு."

அவளும் கண்ணாடியில் இருந்த முகத்திடமே கேட்டாள். "அப்ப ஏனுங்க கூப்புடல?"

"சொல்லீட்டனே அம்மணி. சரின்னு சொல்லீட்டன் இல்ல."

அத்தனை சாதாரணமாகச் சொன்னான். குறை சொல்கிற குரல் இல்லை. கொடுத்துவிட்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று நிஜமாகவே தெரியாத குரல். அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. வேட்டி கட்டித் தயாராக, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, யாராவது ஒருவர் வந்து கூப்பிடமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாள் முழுக்க. இவரும் ஒரு சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு இத்தனை மாதமாக அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார். நானும்தானே.

திரையில் வெளிச்சம் வந்தது. இரண்டு முகங்களும் கரைந்தன. ஃபைலைத் திறந்ததும் அவள் வரைந்த மேகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முகம் இல்லாத மேகங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். வாக்கு ஒரு பக்கம், எல்லை ஒரு பக்கம். நடுவில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. அவன் எட்டிப் பார்த்து, இது சரியாகிவிட்டதா என்று கேட்டான்.

ஆகிவிட்டது என்றாள். நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். அவன் விரல்களில் தேங்காய்ப் பாலின் வாசனை இன்னும் இருந்தது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மொட்டை மாடியும், தொட்டி நிழலும், காப்பி டம்ளரும் எங்கிருந்தோ வந்து இருவருக்கும் நடுவில் நின்றன. இந்தத் தடவை அவள் அவற்றில் எதையும் மாற்றவில்லை.

"அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டனுங்க, நீங்க சரின்னீங்க," என்றாள். "இன்னைக்கு இன்னொண்ணு கேக்கறேன். அதுக்கும் சரின்னு சொல்லோணும்."

"சொல்லுங்க."

"களத்து ஊட்டுக்கு வந்து இருன்னு, என்னைய ஒருக்கா கூப்புடுங்க."